மதுரைக் கல்லூரியில் திபெத் கண்காட்சி: பலகைகளில் என்ன வைக்கலாம், எங்கே பிழை வரும்?

மேலூர்_தமிழரசி கேட்டது:

வணக்கம். மதுரையில் ஒரு கலைக் கல்லூரியின் வரலாற்றுத் துறை சார்பில் மார்ச் 10 அன்று திபெத் பற்றி ஒரு நாள் கண்காட்சி வைக்கிறோம். 3 அடிக்கு 4 அடி அளவில் 12 பலகைகள், மாலையில் ஒரு கூட்டம், கர்நாடகத்தின் பைலகுப்பே திபெத்தியக் குடியிருப்பிலிருந்து ஒரு பேச்சாளர். மாணவர்கள் கொண்டுவந்த முதல் வரைவில் போதாலா அரண்மனை, பனிமலை, தியானம், மோமோ, தலாய் லாமாவின் புன்னகை ஆகியவைதான் இருக்கின்றன. நாட்டை இழந்த ஒரு மக்கள் கூட்டம் 60 ஆண்டுகளுக்கு மேலாக அயல் மண்ணில் தன் மொழியையும் ஆட்சி முறையையும் எப்படிக் கட்டிக் காத்துவருகிறது என்பது எங்கும் இல்லை. அதைக் காட்டத்தான் இந்தக் கண்காட்சியே.

எந்தத் தேதிகள், எந்த வரைபடம்? அவர்கள் கையில் இருக்கும் ஆவணங்களை எப்படி விளக்குவது? திபெத்திய எழுத்தை இங்குள்ள அச்சகத்தில் பிழையில்லாமல் அடிக்க முடியுமா? கொடியை வைக்கலாமா? நம் மாவட்டத்திலேயே ஈழத்தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அதையும் இதையும் ஒரே பலகையில் வைப்பது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெப்பக்குளம்_நூலகன்:

மேடம், வரைபடத்திலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் பல படங்கள் 1965 செப்டம்பரில் சீனா அமைத்த திபெத் தன்னாட்சிப் பகுதியை மட்டும் திபெத் என்று காட்டும். அது ஏறத்தாழ 12 லட்சம் சதுர கிலோமீட்டர். திபெத்தியர் தங்கள் நாடு என்று சொல்வது ஊ-சாங், காம், அம்தோ மூன்றும் சேர்ந்த பீடபூமி. சுமார் 25 லட்சம் சதுர கிலோமீட்டர். அம்தோவும் காமின் பெரும்பகுதியும் இன்று சிங்ஹாய், கான்சு, சிச்சுவான், யுன்னான் மாகாணங்களுக்குள் கிடக்கின்றன. திபெத்திய மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வசிப்பது அங்கேதான். இப்போதைய, 14ஆம் தலாய் லாமா 1935இல் பிறந்த தக்சேர் கிராமமும் அம்தோவில்தான் இருக்கிறது. சின்ன வரைபடத்தை மாட்டினால் அவர் பிறந்த ஊரே திபெத்துக்கு வெளியே போய்விடும். இரண்டு எல்லைகளையும் ஒரே படத்தில் இரு நிறங்களில் காட்டி, எது யார் வரைந்த கோடு என்று கீழே எழுதுங்கள். இந்திய எல்லையை மட்டும் சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்ட படத்தைப் பார்த்தே வரைய வேண்டும். வெளிநாட்டுத் தளங்களில் அக்சாய் சின்னும் அருணாசலமும் புள்ளிக்கோட்டில் இருக்கும். அதை அப்படியே அடித்தால் கல்லூரிக்குச் சட்டச் சிக்கல் வரும்.

தேதிகளில் அதிகம் பார்க்கும் பிழை, "1959இல் சீனா படையெடுத்தது" என்பது. படை கிழக்குத் திபெத்தின் சாம்தோவைத் தாக்கியது 1950 அக்டோபரில். 1951 மே 23 அன்று பெய்ஜிங்கில், திபெத் சீனாவோடு சேர்வதாகச் சொல்லும் 17 அம்ச ஒப்பந்தம் கையெழுத்தானது. 1959 மார்ச் 10 என்பது லாசா மக்கள் நோர்புலிங்கா அரண்மனையைச் சூழ்ந்து நின்று எழுந்த நாள். மார்ச் 17 இரவு தலாய் லாமா வெளியேறினார், 31 அன்று இந்திய எல்லைக்குள் வந்தார். அடுத்த பிழை, திபெத்தியரின் புலம்பெயர் அரசு தொடக்கத்திலிருந்தே இமாசலப் பிரதேசத்தின் தர்மசாலாவில் இருந்தது என்று எழுதுவது. 1959இல் அது முசூரியில் தொடங்கியது. தர்மசாலாவுக்குப் போனது 1960இல்.

"திபெத் தனி நாடாக இருந்ததா?" என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். இதற்கு ஒரு பலகையாவது ஒதுக்குங்கள். 13ஆம் தலாய் லாமாவின் 1913 அறிவிப்பு, திபெத் சொந்தமாக அடித்த நாணயமும் தபால்தலையும், பிரிட்டிஷ் இந்தியாவோடு நேரடியாகப் பேசி உடன்பட்ட 1914 சிம்லா மாநாடு, 1947இல் டெல்லியில் நடந்த ஆசிய உறவுகள் மாநாட்டில் திபெத்தியக் குழு தனியாகக் கலந்துகொண்டது ஆகியவற்றை வரிசையாக வையுங்கள். அந்த மாநாட்டில் காந்தி பேசினார். தமுக்கத்தில் காந்தி அருங்காட்சியகத்தைத் தினமும் கடந்து போகும் பிள்ளைகளுக்கு அது ஒட்டும். திபெத் தனியாகத் தெரிந்த வரைபடத்துக்குச் சீனக் குழு எதிர்ப்புத் தெரிவித்ததும், படம் மாற்றப்பட்டதும் அங்கேதான்.

மறுபக்கத்தையும் மறைக்க வேண்டாம். 13ஆம் நூற்றாண்டின் யுவான் வம்ச காலத்திலிருந்தே திபெத் தன் பகுதி என்பது சீனாவின் வாதம். இந்தியா 1954 ஒப்பந்தத்தில் "சீனாவின் திபெத் பகுதி" என்று எழுதியது. 2003இல் தன்னாட்சிப் பகுதியைச் சீனாவின் நிலப்பரப்பாக ஏற்றது. ஐ.நா. பொதுச்சபை 1959, 1961, 1965 ஆண்டுகளில் தீர்மானங்கள் நிறைவேற்றியது; 1961 தீர்மானம் சுயநிர்ணய உரிமையைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. ஆனால் இன்று எந்த நாடும் தர்மசாலா நிர்வாகத்தை ஓர் அரசாக அங்கீகரிக்கவில்லை. இவ்வளவையும் எழுதினால்தான் பார்ப்பவர்கள் நம்புவார்கள்.

இன்னொன்று. பழைய திபெத்தைச் சொர்க்கமாக வரையாதீர்கள். பண்ணை நிலங்கள் பிரபுக்களிடமும் மடங்களிடமும் இருந்தன. குடியானவர்கள் பரம்பரைக் கடமைகளால் நிலத்தோடு கட்டுண்டிருந்தார்கள். தேர்தல் அவர்களுக்குக் கிடைத்ததே நாடு இழந்த பிறகு. 1960 செப்டம்பர் 2 அன்று முதல் மக்கள் பிரதிநிதிகள் பதவியேற்றார்கள். அந்த நாளை ஆண்டுதோறும் ஜனநாயக நாளாகக் கொண்டாடுகிறார்கள். என்னைக் கேட்டால் உங்கள் 12 பலகையில் மிக முக்கியமானது இதுதான்.

வடக்குமாசி_வாசகன்:

நூலகன் ஐயா சொன்னதோடு சேர்த்து: தேர்தல் பலகையில் எண்களைத் தெளிவாகக் கொடுங்கள், தோழர். நாடாளுமன்றத்தில் 45 இடங்கள். மூன்று பகுதிகளுக்கும் தலா 10; நான்கு பௌத்த மரபுகளுக்கும் திபெத்தின் பழைய சமயமான போனுக்கும் தலா 2; வட அமெரிக்காவுக்கு 2, ஐரோப்பாவுக்கு 2, ஆஸ்திரேலியாவும் மற்ற ஆசிய நாடுகளும் சேர்ந்து 1. பகுதிக்குரிய 10 இடங்களில் குறைந்தது 2 பெண்களுக்கு. துறவிகளுக்குப் பகுதிக்கு ஒன்று, மரபுக்கு ஒன்று என்று இரண்டு வாக்கு. இது சரியா என்று அவர்களுக்குள்ளேயே விவாதம் உண்டு.

பைலகுப்பேயில் பிறந்த ஒரு பெண், பாட்டனார் காமிலிருந்து வந்தவர் என்றால் காம் தொகுதிக்குத்தான் வாக்களிப்பார். காலடி வைக்காத நிலத்துக்குப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிறார். நாடு என்ற எண்ணம் ஒரு வாக்குச்சீட்டில் எப்படி உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

தலைமைப் பொறுப்புக்கு நேரடித் தேர்தல் 2001இல் தொடங்கியது. 2011இல் தலாய் லாமா அரசியல் அதிகாரத்தை முழுமையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் ஒப்படைத்தார். அந்தப் பதவிக்கு இப்போது சிக்யோங் என்று பெயர். "தலாய் லாமாதான் அரசின் தலைவர்" என்று எழுதிவிடாதீர்கள், 2011க்குப் பிறகு அது தவறு.

முழு விடுதலை கேட்கும் ரங்ஸென் நிலைப்பாடு, சீனாவுக்குள் உண்மையான தன்னாட்சி கேட்கும் உமெலம் என்ற நடுவழி நிலைப்பாடு, இரண்டையும் காட்டுங்கள். நிர்வாகத்தின் கொள்கை நடுவழி. 1988 ஸ்ட்ராஸ்பர்க் உரையில் அதன் வடிவம் வெளிவந்தது. 2002க்கும் 2010க்கும் இடையே 9 சுற்றுப் பேச்சு நடந்து நின்றுபோனது. எல்லாத் திபெத்தியரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்ற தோற்றம் வேண்டாம்.

உசிலை_வக்கீல்:

ஆவணப் பலகைக்கு என் பரிந்துரை: மூன்று ஆவணங்களையும் பக்கம் பக்கமாக வரைந்து, ஒவ்வொன்றும் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று கீழே எழுதுங்கள். உண்மையான யாருடைய ஆவணத்தையும் நகலெடுத்து மாட்டக் கூடாது. பெயர், எண்ணை மறைத்தாலும் வேண்டாம். மாதிரி ஓவியம் போதும்.

முதலாவது ஆர்.சி., பதிவுச் சான்றிதழ். வெளிநாட்டவர் பதிவு அதிகாரி தருவது. இந்தியாவில் தங்குவதற்கு இதுதான் அடிப்படை. குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தவறினால் வங்கி, வேலை, பயணம் எல்லாம் முட்டி நிற்கும். இரண்டாவது ஐ.சி., மஞ்சள் அட்டை போட்ட பயணப் புத்தகம். இந்திய வெளியுறவு அமைச்சகம் தருவது. இது பாஸ்போர்ட் அல்ல. இதை அறியாத அயல்நாட்டு விமான நிலைய அலுவலர்கள் ஆளை நிறுத்திவைப்பதுண்டு. மூன்றாவது பச்சைப் புத்தகம், 1972 முதல் தர்மசாலா நிர்வாகம் தருவது. ஆண்டுதோறும் தாமாக முன்வந்து கட்டும் சாத்ரெல் என்ற பங்களிப்பு அதில் பதிவாகும். இந்தியச் சட்டத்தின் முன் அதற்கு மதிப்பில்லை. ஆனால் அவர்கள் தேர்தலில் வாக்களிக்க, உதவித்தொகை பெற அதுதான் வேண்டும். அங்கீகாரமில்லாத அரசுக்கு யாரும் கட்டாயப்படுத்தாமல் வரி கட்டுகிறார்கள் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஆகவே "ஐ.நா. அகதி அட்டை வைத்திருக்கிறார்கள்" என்று எழுதுவது தவறு. சட்டத்தின் பார்வையில் அவர்கள் வெளிநாட்டவர்கள்.

குடியுரிமை பற்றித் தனிப் பத்தி வேண்டும். 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையே இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன். திபெத்தியருக்கும் இது பொருந்தும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2010 டிசம்பரில் சொன்னது. 2014இல் தேர்தல் ஆணையம் இப்படிப் பிறந்தவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. 2017இல் பாஸ்போர்ட்டுக்கு வெளியுறவு அமைச்சகம் வழிவிட்டபோது நிபந்தனைகள் வந்தன: ஆர்.சி.யையும் ஐ.சி.யையும் ஒப்படைக்க வேண்டும், குடியிருப்புக்கு வெளியே வாழ வேண்டும், தர்மசாலா தரும் சலுகைகளை விட வேண்டும். ஆக, கேள்வி வெறும் காகிதம் பற்றியது அல்ல. இந்தியராகிவிட்டால் திபெத்துக்கான உரிமைக் குரல் தேயுமோ என்ற தயக்கம் ஒரு பக்கம். பிள்ளைக்கு வேலை, வீடு, வங்கிக் கடன் என்ற நெருக்கடி மறுபக்கம். நிர்வாகம் முடிவைத் தனிநபரிடமே விட்டிருக்கிறது.

இதே 1987 கோடு நம் ஊர் நீதிமன்றத்திலும் வந்தது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. ஆகையால் இரண்டையும் ஒரே பலகையில் வைக்கலாம், ஆனால் "இருவரும் ஒன்று" என்று எழுத வேண்டாம். திபெத்தியருக்கு நிலம் கொடுத்துக் குடியிருப்பு அமைத்தார்கள், குடியிருப்பு அலுவலரை தர்மசாலா நியமிக்கிறது, பள்ளி தனி. ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூரில் இருப்பவை அரசு நேரடியாக நடத்தும் முகாம்கள். 2021இல் பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது, நிர்வாகம் மாறவில்லை. அங்கே பிள்ளைகள் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழிலேயே படிக்கிறார்கள், மொழி பறிபோகும் அச்சம் இல்லை. கன்னட நாட்டின் நடுவே வந்து இறங்கிய திபெத்தியருக்குத் தனிப் பள்ளி இல்லாவிட்டால் ஒரே தலைமுறையில் எழுத்து போயிருக்கும். ஒற்றுமையை விட இந்த வேற்றுமையே மாணவர்களை யோசிக்க வைக்கும்.

மேலூர்_தமிழரசி:

மிக்க நன்றி, வக்கீல் ஐயா. அந்தப் பள்ளி விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல யாராவது இருக்கிறீர்களா? அச்சு பற்றியும் இன்னும் பதில் வரவில்லை.

திருநகர்_ஆசிரியை:

தமிழரசி, பள்ளியைப் பற்றி நான் சொல்கிறேன். 1960இல் முசூரியில் முதல் பள்ளி. அதே ஆண்டு மே மாதம் தர்மசாலாவில் அநாதைக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய காப்பகம்தான் பின்னர் திபெத்தியக் குழந்தைகள் கிராமம் ஆனது. 1961இல் இந்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் மத்தியத் திபெத்தியப் பள்ளிகள் நிர்வாகம் அமைந்தது. இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடந்தன: இந்தியத் தேர்வில் தேற வேண்டும், திபெத்திய மொழியும் வர வேண்டும். முதலில் ஆங்கில வழிதான். 1980களிலிருந்து தொடக்க வகுப்புகளைப் படிப்படியாகத் திபெத்திய வழிக்கு மாற்றினார்கள். அதற்கு அறிவியல், கணக்குப் பாடநூல்களைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது, கலைச்சொல் உருவாக்க வேண்டியிருந்தது. தமிழ் வழிக் கல்விக்காக நாம் பட்ட பாடு தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும்.

பள்ளி மட்டும் போதாது என்று நிறுவனங்களாகவும் கட்டினார்கள். 1959இல் கலைக்குழு, 1961இல் மருத்துவ-சோதிட நிலையமான மென்-சி-காங் (லாசாவில் 1916இல் தொடங்கியதன் மறுபிறப்பு), 1967இல் சாரநாத்தில் உயர்கல்வி நிறுவனம், 1970இல் தர்மசாலாவில் நூலகமும் ஆவணக் காப்பகமும். தெற்கே பைலகுப்பேயில் சேரா மடம். முண்ட்கோடில் திரேபுங், காந்தென் மடங்கள். லாசாவைச் சுற்றியிருந்த மூன்று பெரும் மடக் கல்லூரிகளும் இன்று கர்நாடகத்தில் அதே பெயரில் அதே பாடத்திட்டத்தோடு நடக்கின்றன. பெண் துறவிகள் மடக் கல்வியின் உயர்ந்த பட்டமான கெஷெமாவைப் பெற்றது 2016இல். இது பழைய திபெத்தில் இல்லாதது. காப்பது என்றால் பழையதை உறையவைப்பது என்று மாணவர்கள் நினைத்துவிடாமல் இருக்க இதைச் சேருங்கள்.

இப்போதுள்ள சிக்கலையும் மறைக்காமல் எழுதுங்கள். 2009 கணக்கெடுப்பில் புலம்பெயர்ந்தோர் 1,27,935 பேர். அதில் இந்தியாவில் 94,203. அதன் பிறகு அமெரிக்கா, கனடா, ஐரோப்பா என்று இளையவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2008க்குப் பின் எல்லை இறுகியதால் திபெத்திலிருந்து வருவோர் மிகச் சிலராகிவிட்டனர். பிறப்பு விகிதமும் குறைவு. பள்ளிகளில் பிள்ளை குறைந்து இணைக்கப்படுகின்றன. மடங்களில் இன்று லடாக், அருணாசலம், நேபாள எல்லைப் பகுதிப் பிள்ளைகள் அதிகம்.

திபெத்துக்குள் நடப்பதற்கு ஒரு பலகை அவசியம். 2010 அக்டோபரில் சிங்ஹாய் மாணவர்கள் பாடமொழிக்காகத் தெருவில் இறங்கினார்கள். திபெத்திய மொழிக் கல்வி கேட்டு ஒரு செய்தி நிறுவனத்தின் காணொளியில் பேசிய கடைக்காரர் தாஷி வாங்சுக் 2016இல் கைதாகி 5 ஆண்டுகள் சிறையில் இருந்தார். ஏறத்தாழ 10 லட்சம் திபெத்தியக் குழந்தைகள் உறைவிடப் பள்ளிகளில் பெரும்பாலும் சீன மொழியில் படிக்கிறார்கள் என்று ஐ.நா. நிபுணர்கள் மூவர் 2023 பிப்ரவரியில் கவலை தெரிவித்தார்கள். சீனா அதை மறுக்கிறது. 1965இல் இந்தி எதிர்ப்புக்கு மதுரை மாணவர்கள் இறங்கிய தெருக்கள் உங்கள் கல்லூரிக்குப் பக்கத்தில்தானே இருக்கின்றன. இந்தப் பலகையை விளக்க வேறு பீடிகை வேண்டாம்.

அச்சுக்கோப்பு:

எழுத்து விஷயம். திபெத்திய எழுத்தில் 30 மெய், 4 உயிர்க்குறி. எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி நிற்கும். சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. ஒவ்வோர் அசைக்கும் பிறகு மேலே ஒரு சிறு புள்ளி (செக்), வாக்கிய முடிவில் நேர்க்கோடு (ஷே). நம்மூர் அச்சகங்களில் இன்னும் பழைய கோரல் டிராவும் யூனிகோட் அல்லாத தமிழ் எழுத்துருவும் ஓடுகின்றன. அதில் திபெத்தியத்தை ஒட்டினால் அடுக்கு கலைந்து எழுத்துகள் பக்கம் பக்கமாக விழும், அல்லது புள்ளி வட்டங்கள் தோன்றும்.

செய்ய வேண்டியது: பேச்சாளரிடமே வாசகத்தை யூனிகோடில் தட்டச்சு செய்து வாங்குங்கள், கூடவே அவர் கணினியில் தெரியும்படி ஒரு படமும். லிப்ரே ஆபிஸில் நோட்டோ செரிஃப் திபெத்தன் அல்லது ஜோமோல்ஹாரி எழுத்துருவில் வைத்து பி.டி.எஃப். எடுங்கள். கோரலில் திறக்கும்போது "டெக்ஸ்ட்" என்று அல்ல, "கர்வ்ஸ்" என்று தேர்ந்து இறக்குங்கள். அதன்பின் யாரும் வரியை உடைக்கக் கூடாது. வரி முறிவு செக் புள்ளிக்குப் பிறகுதான் வரலாம். டிசைனர் அழகுக்காக நடுவில் வெட்டினால் அசை இரண்டாகிவிடும். அளவு, தமிழ் 40 புள்ளி என்றால் திபெத்தியம் 56, 60 வையுங்கள், வரி இடைவெளியும் கூட்டுங்கள். மேலும் கீழும் அடுக்கு நீள்வதால் வரிகள் மோதும். புரூஃப் பார்க்க மொழி தெரிய வேண்டியதில்லை. வரிக்கு வரி செக் புள்ளிகளை எண்ணி மூலப்படத்தோடு ஒப்பிட்டால் போதும். வட்டம் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

கொடி: பனிமலை, பச்சைப் பிடரி கொண்ட இரண்டு வெண் சிங்கங்கள், சூரியன், 6 சிவப்பும் 6 நீலமுமாகக் கதிர்கள். மஞ்சள் கரை மேலே, கீழே, கம்பம் பக்கம் என்று மூன்று புறம்தான். பறக்கும் பக்கம் திறந்திருக்க வேண்டும். "ஒரு பக்கம் விட்டுப்போச்சு" என்று நினைத்து டிசைனர் நாலாவது கரையைச் சேர்த்துவிடுவார். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஓரம் வெட்டும்போது மஞ்சள் தேயாமலிருக்கச் சுற்றி அரை அங்குலம் வெள்ளை விடுங்கள். கம்பத்தில் ஏற்ற வேண்டாம், தேசியக்கொடியின் பக்கத்திலும் வேண்டாம். பலகையில் படமாக இருக்கட்டும். கல்லூரி நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

பிரார்த்தனைக் கொடிகளுக்கு இடமிருந்து வலமாக நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள். புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையற்காரர்களிடம் பருத்தித் துணியில் தைத்து வாங்கலாம். அலங்காரத்துக்கு என்றால் மந்திரம் அச்சிடாத வெறும் துணியே நல்லது. அச்சிட்டது என்றால் தரையில் படக்கூடாது, கழற்றிய பின் குப்பையில் போடக்கூடாது.

திருநகர்_ஆசிரியை:

பேச்சாளரை அழைப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. திபெத்தியர் பலருக்குக் குடும்பப் பெயரும் இல்லை, தந்தை பெயரின் முதலெழுத்தும் இல்லை. நம் படிவத்தில் இனிஷியல் கட்டம் இருக்கிறதே என்று முதல் பெயரைச் சுருக்கி "டி." ஆக்காதீர்கள், டென்சின் என்ற பெயர் ஆயிரக்கணக்கானோருக்கு உண்டு, அடுத்த பெயர்தான் ஆளை அடையாளம் காட்டும். அழைப்பிதழிலும் சான்றிதழிலும் இரண்டையும் முழுதாகப் போடுங்கள். விடுதியில் வெளிநாட்டவர் தங்கல் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். அறை எடுக்கும்போதே சொல்லி, ஆர்.சி. நகல் கொண்டுவரச் சொல்லுங்கள். இரவில் வந்து வாசலில் நிற்கும் நிலை வரக் கூடாது. அவர் காதா என்ற வெண் துகில் கொண்டுவந்தால் இரு கையாலும் குனிந்து வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் மூத்த துறவிக்குக் கொடுப்பதாக இருந்தால், பொன்னாடை போல் தோளில் போர்த்தாமல் கைகளில் கொடுங்கள்.

மாணவர்களை முன்னதாக ஒருமுறை பைலகுப்பே அழைத்துப் போக முடிந்தால் நல்லது. தூத்துக்குடி–மைசூரு விரைவு ரயிலில் மதுரையில் இரவு ஏறினால் மறுநாள் காலை மைசூரு. அங்கிருந்து மடிக்கேரி பேருந்தில் சுமார் 80 கிலோமீட்டர். குஷால்நகருக்குச் சற்று முன்னாலேயே இறங்க வேண்டும். இந்தியக் குடிமக்களுக்கு அனுமதி தேவையில்லை; வெளிநாட்டு மாணவர் யாராவது உடன் வந்தால் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி வேண்டும், அதற்குப் பல வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். அங்குள்ள பௌத்தப் பொற்கோயிலோடு திரும்பிவிடாமல் சேரா மடத்தில் துறவிகள் கைதட்டி வாதிடும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். படம் எடுக்கும் முன் அனுமதி கேட்கச் சொல்லுங்கள். திபெத்தில் உறவினர் உள்ளவர்கள் முகம் வெளியாவதை விரும்பமாட்டார்கள். கண்காட்சிக்குப் பின் சமூக ஊடகத்தில் பதிவேற்றும் படங்களுக்கும் இது பொருந்தும்.